குமிழிக்கு ஓர் இடம், தண்ணீருக்கு ஒரு வழி: கொதிபரப்பைத் திருத்திப் பார்க்கத் தொடங்குவோருக்கு

தம்பலகாமத்தில் உமியை எரித்து நெல் அவிக்கும் ஆலை வைத்திருக்கும் அண்ணா ஒருவர் போன வருடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, பொயிலர்க் குழாயின்ர தண்ணிப் பக்கத்தைச் சொரசொரப்பாக்கினால் கெதியாய்க் கொதிக்குமாம். உமி மிச்சம் வருமாம். உண்மையோ?"

சொரசொரப்பான பரப்பில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும் என்பது உண்மைதான். அதனால் அவருடைய உமி மிச்சமாகுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் கொதித்தலைப் பற்றிப் படிக்கிறவருக்கு முதலில் வர வேண்டிய பழக்கம். அது வாசித்து வருவதில்லை, ஒரு தடவையாவது கையால் செய்து அளந்து பார்க்க வேண்டும். பெரிய ஆய்வுகூடம் இல்லாமல், திருகோணமலையில் கிடைக்கிற பொருட்களையும் பட்டறைகளையும் வைத்து அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், வளாகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் தேடுகிறவர் யாரும் இதைத் தொடங்கலாம்.

முதலில் அடுப்படியில்

கருவி எதையும் வாங்குவதற்கு முன், ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பை மெதுவாக எரிய விட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் சட்டிச் சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டி நிற்கும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது, நீராவி இன்னும் பிறக்கவில்லை. அப்புறம் ஒரு இரைச்சல் எழும். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகள் மேலே உள்ள சூடு குறைந்த தண்ணீரில் பட்டு நொறுங்கும் சத்தம் அது. தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும்போது கொதிக்கும் முன் இரைந்து, கொதி வந்ததும் இரைச்சல் தணிகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

கொதி வந்த பிறகு அடியை உற்றுப் பாருங்கள். குமிழிகள் அடி முழுக்கப் பரவிப் பிறப்பதில்லை. குறிப்பிட்ட சில புள்ளிகளிலிருந்து மட்டும் மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். அந்தப் புள்ளிகளை நினைவில் வைத்துச் சட்டியை ஆறவிட்டுத் தடவிப் பார்த்தால், கரண்டி உரசிய கீறலோ சின்னப் பள்ளமோ பல வேளை அங்கே இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. உடைந்த மண்சட்டியின் ஓட்டுத் துண்டு ஒன்றைப் பச்சைத்தண்ணீரிலேயே போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் பிறகு போடாதீர்கள், பொங்கிக் கையில் பாயும். சட்டியின் மற்ற இடங்கள் அமைதியாக இருக்கும்போதே அந்த ஓட்டிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் காற்று, நீராவிக்கு வாசல் திறந்து கொடுக்கிறது.

மூன்றாவது, தோசைக்கல். நன்றாகக் காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடும். துளிக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய நீராவிப் படலம் மெத்தைபோல நிற்கிறது. 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விரிவாக எழுதி வைத்தார். கல் அதிகச் சூடு, ஆனால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் வெப்பம் குறைவு. இந்த முரணை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கொதித்தல் ஏன் இவ்வளவு பெறுமதியானது என்பதற்கும் ஒரு கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோயூல் போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் தண்ணீர் சூடாக இருக்கிறது, ஆனால் கொதிப்பதில்லை. சூடான தண்ணீர் சுமந்து போகிற வெப்பத்துக்கும் நீராவி சுமந்து போகிற வெப்பத்துக்கும் உள்ள தூரம் இந்த எட்டு மடங்கில் இருக்கிறது. அதனால்தான் மின் நிலையம் முதல் குளிரூட்டி வரை சின்ன இடத்திலிருந்து நிறைய வெப்பத்தை எடுக்க வேண்டிய இடங்களில் கொதித்தலை நம்புகிறோம்.

இரண்டு இலக்குகள், இரண்டும் ஒன்றல்ல

1934-இல் ஷிரோ நுகியாமா என்ற ஜப்பானியப் பொறியியலாளர் தண்ணீருக்குள் மெல்லிய உலோகக் கம்பியைக் கிடத்தி மின்னோட்டத்தால் சூடாக்கினார். மின்னைக் கூட்டக் கூட்டக் கம்பியின் வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது, குமிழிகள் அவ்வளவு வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போயின. ஓர் எல்லைக்கு மேல் இன்னும் சிறிது கூட்டியதும் வெப்பநிலை தடாலென்று பாய்ந்து நிக்குரோம் கம்பி உருகி அறுந்தது. உருகுநிலை கூடிய பிளாற்றினம் தாங்கிக்கொண்டது. தோசைக்கல்லில் பார்த்த நீராவிப் படலம்தான் கம்பியை முழுதாக மூடியிருந்தது.

இதிலிருந்து இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பின் வெப்பநிலை கொதிநிலையை எத்தனை பாகை மிஞ்சி நிற்கிறது என்பது மிகைச்சூடு. அது குறைவாக இருக்கும்போதே நிறைய வெப்பம் போனால் பரப்பு நல்ல பரப்பு. இரண்டாவது, படலம் மூடிக்கொள்ளும் அந்த எல்லை, அதாவது அவதி வெப்பப் பாயம். சாதாரண வளிமண்டல அழுக்கத்தில், மட்டமான பரப்பில், தண்ணீருக்கு அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 100 வாற்று. விரல் நகமளவு இடத்தில் ஒரு பழைய குண்டு பல்ப்பின் முழு வலுவையும் வைத்ததுபோல.

மிகைச்சூட்டைக் குறைக்கக் குமிழி பிறக்க நிறைய இடம் வேண்டும். எல்லையை உயர்த்த, குமிழி கிளம்பிய இடத்துக்குத் தண்ணீர் உடனே திரும்பி வர வழி வேண்டும். குமிழியைப் பெருக்குகிற மாற்றம் சில வேளை தண்ணீரின் வழியை அடைத்துவிடும். இதைக் கவனிக்காமல் "பரப்பை மாற்றினேன், முன்னேற்றம்" என்று மட்டும் எழுதும் செயற்றிட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எதில் முன்னேற்றம் என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை.

எவ்வளவு சின்னக் குழி வேண்டும்?

சின்னக் குமிழிக்கு உள்ளே அழுக்கம் கூட. பரப்பிழுவிசை அதை எல்லாப் பக்கமும் இறுக்குகிறது. அந்த அழுக்கத்தைத் தாங்கி வளர வேண்டுமென்றால் சுற்றியுள்ள தண்ணீர் 100 பாகைக்கு மேலேயே இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், மிகைச்சூடு 5 பாகை இருக்கும்போது வளரத் தொடங்கும் குமிழியின் ஆரை ஏறத்தாழ 6.5 மைக்ரோமீற்றர். 10 பாகை என்றால் அதில் பாதி. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்ணுக்குத் தெரியும் பள்ளங்கள் குமிழிக்குப் பெரும்பாலும் மிகப் பெரியவை, சட்டியின் கீறலிலும் வேலை செய்பவை அதற்குள் இருக்கும் நுண்குழிகள்தான்.

அளவைவிட முக்கியம் குழியின் வடிவம். வாய் அகன்ற, ஆழமில்லாத பள்ளத்தில் தண்ணீர் புகுந்து உள்ளிருக்கும் காற்றை முழுக்கத் துரத்திவிடும். குமிழி மீண்டும் பிறக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. குடத்தைப்போல வாய் சிறுத்து வயிறு பெருத்த குழியாக இருந்தால், குமிழி கிளம்பிய பிறகும் கொஞ்ச நீராவி உள்ளே தங்கும். அடுத்த குமிழிக்கு அதுவே விதை. தண்ணீரைவிடப் பரப்பிழுவிசை மிகக் குறைந்த குளிரூட்டித் திரவங்கள் எந்த மூலைக்குள்ளும் ஊறிப் போகும், அவற்றுக்குக் குடவாய்க் குழி இல்லாமல் சரிவராது. தொழிற்சாலைகளில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். குழாயின் மேல் மெல்லிய செட்டைகளை உருட்டி எடுத்து, அவற்றின் நுனியை வளைத்து அடியில் சுரங்கம் உண்டாக்குவது ஒன்று. உலோகத் துகளைச் சுட்டு ஒட்டி நுண்துளைப் பூச்சாக்குவது மற்றது. யூனியன் கார்பைடு நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த ஹை ஃப்ளக்ஸ் குழாய் இந்த இரண்டாவது வகை.

கருவியைக் கட்டுதல்

இங்கே அவசரப்படாதீர்கள். கட்டுவதில் விட்ட பிழையைப் பிறகு எந்தக் கணக்காலும் திருத்த முடியாது.

உங்களுக்கு வேண்டியது செம்பால் ஒரு கட்டை. அடிப்பாகம் 40 மில்லிமீற்றர் விட்டம், 30 மில்லிமீற்றர் உயரம். அதன்மேல் 20 மில்லிமீற்றர் விட்டத்தில், 30 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு கழுத்து. கழுத்தின் மேல் முகம்தான் தண்ணீர் கொதிக்கப்போகும் பரப்பு, அதன் அளவு 3.14 சதுர சென்ரிமீற்றர். படகு எஞ்சின் பார்க்கும் பட்டறைகளில் லேத் இருக்கும், படம் வரைந்து கொடுத்தால் கடைந்து தருவார்கள். செம்புத் தண்டு கிடைப்பது சிரமம்தான். அதற்காகப் பித்தளைக்கு மாறாதீர்கள். கலப்பு உலோகத்தின் வெப்பக் கடத்தாறு கலவைக்குக் கலவை மாறும், உங்கள் கணக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணில்தான் நிற்கிறது. சுத்தமான செம்புக்கு ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு 390 வாற்று என்று எடுக்கலாம்.

அடிப்பாகத்தில் கீழிருந்து வட்டமாக ஆறு துளைகள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் விட்டம், 20 மில்லிமீற்றர் ஆழம். முப்பரிமாண அச்சுப்பொறிகளுக்கு விற்கும் 24 வோல்ற்று, 40 வாற்று ஹீற்றர் குச்சிகள் ஆறும் இதற்குள் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் போடுங்கள். ஒன்றைப் போட்டால் 40 வாற்று, ஆறையும் போட்டால் 240, வேறு கட்டுப்பாட்டுக் கருவி தேவையில்லை. மின்சாரத்துக்கு 24 வோல்ற்று, 15 அம்பியர் பவர் சப்ளை ஒன்று போதும். 230 வோல்ற்று ஹீற்றரைப் பயன்படுத்தும் எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். கொதிதண்ணீரும் ஈரக் கையும் உள்ள மேசையில் அதற்கு இடமில்லை.

240 வாற்றில் இழப்பு போக 200 வாற்று பரப்புக்கு வந்தால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 64 வாற்று. அவதி எல்லைக்குக் கீழே பத்திரமாக நிற்கிறோம். வேண்டுமென்றுதான் இப்படி வைத்திருக்கிறேன். முதல் கருவியிலேயே எல்லையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கட்டை எரிந்துபோகும்.

கழுத்தின் பக்கத்தில், மேல் முகத்திலிருந்து 4, 12, 20 மில்லிமீற்றர் கீழே மூன்று மெல்லிய துளைகள் நடு அச்சுவரை போக வேண்டும். அவற்றுக்குள் வெப்பவிணைகள், அதாவது வெப்பநிலை அளக்கும் இரட்டை உலோகக் கம்பிகள். கட்டை முழுவதையும் கண்ணாடிக் கம்பளியால் தடிப்பாகச் சுற்றுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் லாம்பின் சிமினி. அதுவும் சூட்டுக்கென்று செய்த கண்ணாடிதான், இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ரெஃப்லோன் தகடு ஒன்றின் நடுவில் 20 மில்லிமீற்றர் ஓட்டை போட்டுச் செம்புக் கழுத்தை இறுக்கமாகச் செருகி, மேல் முகமும் தகடும் ஒரே மட்டத்தில் வரும்படி வைத்து, கராஜில் கஸ்கற்றுக்குப் பூசும் சிவப்புச் சிலிக்கோனால் ஒட்டுங்கள். சிமினியைத் தகட்டின்மேல் அதே சிலிக்கோனால் நிறுத்தலாம். ஒரு முழுநாள் காயவிடுங்கள். மேல்வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மூடி போட்டு அழுக்கம் ஏற்றுவது இந்தக் கருவிக்கு ஒருபோதும் கூடாது.

நான் முதல்முறை கட்டியபோது, மினுக்கிய செம்பிலேயே குமிழிகள் அருமையாக வந்தன. மூன்று நாள் அளந்து வரைபு போட்டேன். நாலாம் நாள் கைப்பேசிக் கமராவைக் கிட்டே வைத்துப் படமெடுத்தபோதுதான் தெரிந்தது, குமிழிகள் எல்லாம் செம்புக்கும் ரெஃப்லோனுக்கும் இடையிலிருந்த நூலிழை இடுக்கிலிருந்து வந்திருக்கின்றன. நான் அளந்தது பரப்பை அல்ல, விளிம்பை. மூன்று நாள் அளவீடும் வீண். அந்த விளிம்பில் சிலிக்கோனை மெல்லிய வளையமாக வழித்துவிட்ட பிறகுதான் உண்மையான எண்கள் வந்தன. ஆகவே, முதல் கொதியிலேயே படமெடுத்து விளிம்பைப் பாருங்கள். சிலிக்கோன் வளையம் பரப்பின் ஓரத்தைக் கொஞ்சம் மூடினால், மூடிய பரப்பைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு உங்கள் பரப்பிலும் படியும், இரண்டாவது நாளே நீங்கள் செம்பை அளக்காமல் சுண்ணாம்பை அளந்துகொண்டிருப்பீர்கள். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் பெற்றோல் நிலையங்களில் கிடைக்கிறது. போத்தலில் அமிலம் கலக்காத வடித்த நீர்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

அதைக் கேத்திலில் கொதிக்க வைத்துக் கருவிக்குள் ஊற்றி, ஆறு ஹீற்றரையும் போட்டு அரை மணி நேரமாவது கொதிக்க விட வேண்டும். கரைந்த காற்று வெளியேறாமல் எடுக்கும் அளவீடு எப்போதும் நல்லதாகவே காட்டும், ஏனென்றால் காற்றுக் குமிழிகளும் வெப்பத்தைக் கிளறிவிடுகின்றன. ஆறும் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் ஆவியாகும். கொதிதண்ணீராகவே ஊற்றி நிரப்புங்கள், ஊற்றியபின் சில நிமிடம் பொறுங்கள்.

திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. தண்ணீர் இங்கே 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் இதே கருவியை வைத்தால் 94 பாகைக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். மூன்று வெப்பவிணைகளையும் கட்டைக்குள் செருகும் முன் ஒன்றாகக் கட்டிக் கொதிநீரில் விடுங்கள். ஒவ்வொன்றும் 100-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வைத்து, பின்னர் எல்லா அளவீட்டிலும் அதைத் திருத்துங்கள். மலிவான வெப்பவிணை இரண்டு பாகை பிழை காட்டுவது சாதாரணம். உங்கள் மிகைச்சூடே பத்துப் பன்னிரண்டு பாகைதான் என்பதால் அந்தப் பிழையை விட்டுவைக்க முடியாது.

பரப்புகள்: எந்த ஒழுங்கில்

ஒரே கட்டையில் எல்லாவற்றையும் செய்வதால், திரும்பப் பெற முடியாத மாற்றங்களைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் 2000 இலக்கச் சாண்ட்பேப்பரால் கண்ணாடிபோல மினுக்கி அளந்துகொள்ளுங்கள். இதுதான் ஒப்பிடும் அடிப்படை, இதில்லாமல் மற்றவற்றுக்கு மதிப்பில்லை. அடுத்து 600, பிறகு 240. 240-இன் மணிகள் ஏறத்தாழ 58 மைக்ரோமீற்றர், 600-இல் 26. கீறலின் ஆழம் மணியின் அளவைவிடச் சிறியது என்பதால் நமக்குத் தேவையான சில மைக்ரோமீற்றர் பள்ளங்கள் இந்த இரண்டிலும் நிறைய விழும். வட்டமாகத் தேய்க்காமல், ஒரு திசையில் இழுத்து, பின் அதற்குக் குறுக்கே இழுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை இழுவை என்று எண்ணி எழுதாவிட்டால் அடுத்த மாதம் உங்களாலேயே அதைத் திரும்பச் செய்ய முடியாது.

சாண்ட்பேப்பர்ப் பரப்பு முதல்நாள் காட்டும் முன்னேற்றத்தை நம்பிவிடாதீர்கள். 1931-இல் ஜெர்மனியில் மாக்ஸ் யாக்கோப்பும் ஃபிரிட்ஸும் சொரசொரப்பாக்கிய பரப்புகளைச் சோதித்தபோது, கிடைத்த நன்மை நாட்போக்கில் கரைந்து போனதைக் கண்டார்கள். வாய் அகன்ற கீறல்களில் அடைபட்டிருந்த காற்று தீர்ந்துபோவது அதற்கு ஒரு முக்கிய காரணம். அதனால் ஒரே பரப்பைக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் அளவுங்கள். செம்பு கறுத்துக்கொண்டு வரும், அதையும் படமெடுத்து வையுங்கள். ஒட்சைட்டுப் படிந்த செம்பைத் தண்ணீர் நன்றாக நனைக்கும், எனவே நிறமாற்றமும் ஒரு பரப்பு மாற்றம்தான்.

மூன்றாவது வகை, வாய்க்கால்கள். இரும்பு அறுக்கும் வாளின் அலகு வெட்டும் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றருக்கு ஒன்றாக, ஒரு மில்லிமீற்றர் ஆழத்தில் வெட்டினால் தண்ணீர் தொடும் பரப்பு இரண்டு மடங்காகும். இதில் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு பரப்புக் கூடியதால் வருவது. குமிழி மேட்டிலிருந்து கிளம்ப, தண்ணீர் வாய்க்கால் வழியே அடிக்கு வருவது மற்றப் பங்கு. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா என்று யோசிப்பது நல்ல செயற்றிட்டக் கேள்வி. மீண்டும் மட்டமான முகம் வேண்டுமானால் லேத்தில் சீவலாம். ஆனால் சீவியதும் மேல் வெப்பவிணையின் 4 மில்லிமீற்றர் மூன்றாகவோ இரண்டரையாகவோ மாறியிருக்கும். வேர்னியரால் மீண்டும் அளவுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது எனக்குப் பிடித்தது, வாய்க்கால் வெட்டும் முன்பே செய்துவிட வேண்டியது. மினுக்கிய செம்பில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுப் புள்ளிகளாக ரெஃப்லோன் ஸ்பிரே அடிப்பது. ஒட்டும் பட்டியில் துளைகள் குத்தி அதை மறைப்பாக வைத்து அடிக்கலாம். ரெஃப்லோனைத் தண்ணீர் நனைப்பதில்லை, ஆகவே அங்கே குமிழி மிகக் குறைந்த மிகைச்சூட்டிலேயே பிறக்கும். சுற்றியுள்ள செம்பைத் தண்ணீர் நனைக்கும், ஆகவே குமிழி அங்கே பரவாமல் நிற்கும், தண்ணீர் திரும்பி வரும். குமிழிக்கு இடமும் தண்ணீருக்கு வழியும் ஒரே முகத்தில். உருக்கில் ரெஃப்லோன் புள்ளிகள் வைத்த சோதனைகள் 1960-களிலேயே நடந்தன, 2010-க்குப் பிறகு நுண்ணளவில் இது மீண்டும் பெரிதாகப் பேசப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க முகம் முழுவதும் ரெஃப்லோன் அடித்தும் ஒரு தடவை செய்யலாம், ஆனால் மிகக் கவனமாக. முழுதும் நனையாத பரப்பில் குமிழிகள் சீக்கிரம் ஒன்றாகிப் படலமாகிவிடும், அவதி எல்லை வெகுவாகக் கீழே இறங்கும். எந்தப் பரப்பிலும் கீழ் வெப்பவிணை 170 பாகையைத் தாண்டினால் ஹீற்றர்களை உடனே நிறுத்துங்கள்.

நுண்துளைப் பூச்சு வீட்டில் செய்யும் வேலை இல்லை. செம்புத் துகளை, அது உருகும் 1085 பாகைக்குக் கீழே, ஒட்சிசன் இல்லாத உலையில் சுட வேண்டும். வளாகமொன்றில் அப்படியான உலை இருந்து, பொறுப்பானவர் கூட நின்றால் மட்டும் முயலுங்கள்.

அளப்பதும் கணக்கும்

ஆறு ஹீற்றரிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு கீழே வாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று வெப்பவிணைகளும் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் எழுதலாம். பிறகு ஒன்றிலிருந்து ஆறுக்கு ஏறிப் போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண்கள் ஒத்துவராமல் இருக்கலாம். தூங்கிக் கிடக்கும் குழிகள் விழித்துக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும், ஒருமுறை விழித்தவை குறைந்த சூட்டிலும் வேலை செய்துகொண்டிருக்கும். பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஒரு ஹீற்றர் மட்டும் எரியும்போது தண்ணீரே 100-க்குக் கீழே போயிருந்தால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. மூன்று ஹீற்றர், 120 வாற்று. மேலிருந்து கீழாக 115.1, 121.3, 127.4 பாகை என்று வைத்துக்கொள்வோம். 16 மில்லிமீற்றரில் 12.3 பாகை வேறுபாடு, அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 0.77. அதைச் செம்பின் 390 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோவாற்று. நம் முகத்தின் அளவுக்கு 94 வாற்று. மிச்சம் 26 வாற்று கம்பளி வழியே போய்விட்டது. மின்சாரத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இப்போது மேல் முகம்: 4 மில்லிமீற்றருக்கு 3.1 பாகை இறங்கும், எனவே 112.0. மிகைச்சூடு 12. வெப்ப இடமாற்றக் குணகம் (ஒரு பாகை வேறுபாட்டுக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்பது), 3,00,000-ஐ 12 ஆல் வகுத்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பாகைக்கு 25,000 வாற்று. அந்த 3.1 பாகையைக் கழிக்காமல் விட்டிருந்தால் விடையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

வெப்பவிணைகளைத் திருத்திய பிறகும் 0.2 பாகை ஐயம் மிஞ்சும். குறைந்த வலுவில் அது விடையை ஏழெட்டு வீதம் ஆட்டும். இரண்டு பரப்புகளுக்கிடையே பத்து வீதத்துக்குக் குறைந்த வித்தியாசம் வந்தால், வித்தியாசம் இல்லை என்றே எழுதுங்கள்.

வெப்பம் எங்கே சிக்கி நிற்கிறது?

இனி அந்த நெல் ஆலைக்கு வருவோம். உமி எரிந்த புகை குழாய்களுக்குள்ளால் போகிறது, வெளியே தண்ணீர் கொதிக்கிறது. புகையிலிருந்து குழாய்ச் சுவருக்கு வெப்பம் போகும் குணகம் ஒரு 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் பக்கத்தில், குறைத்து எடுத்தாலும் 5000. தடைகளாக, அதாவது ஒன்றைக் குணகத்தால் வகுத்து, எழுதினால் புகைப் பக்கம் 0.02, நாலு மில்லிமீற்றர் உருக்குச் சுவர் 0.00008, கொதிக்கும் பக்கம் 0.0002. மொத்தம் 0.02028. பரப்பைத் திருத்திக் கொதிப்பை இரண்டு மடங்காக்கினால் 0.02018. அரை வீத நன்மை. அகலமான பாதையில் போய் ஒற்றை வழிப் பாலத்தில் மாட்டிக்கொண்ட வாகனம்போல வெப்பம் புகைப் பக்கத்திலேயே நிற்கிறது, பாலத்துக்கு அப்பால் பாதையை அகலப்படுத்திப் பயனில்லை.

பெரிய கட்டடங்களைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரத்தில் கதை வேறு. குழாய்க்குள் தண்ணீர், வெளியே குளிரூட்டித் திரவம் கொதிக்கிறது. வழுவழுப்பான குழாயென்றால் கொதிக்கும் பக்கம்தான் பலவீனமான பக்கம். அங்கே குடவாய்க் குழிகள் உள்ள குழாய் போட்டால் இயந்திரமே சிறுத்துவிடும். கணினிச் சில்லுகளைத் திரவத்தில் மூழ்கடித்துக் குளிர்விக்கும் முறையிலும் அப்படித்தான். உங்கள் செயற்றிட்டத்துக்குப் பயன் எங்கே என்று யாராவது கேட்டால் இந்த இடங்களைக் காட்டுங்கள்.

அண்ணாவிடம் கணக்கை ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். "அப்ப ஒண்டும் செய்யேலாதோ?" என்றார். செய்யலாம். அவருடைய ஆலையில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே விடுகிறார்கள். குழாயின்மேல் ஒரு மில்லிமீற்றர் சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதன் தடை மட்டும் ஏறத்தாழ 0.001, கொதிக்கும் பக்கத்தின் ஐந்து மடங்கு. மொத்தத்தில் ஐந்து வீதம் நட்டம். அதைவிட மோசம், அடுப்புக்கு நேரே தீ படும் இடத்தில் ஒரு சதுர மீற்றருக்கு 200 கிலோவாற்று வரும்போது அந்த ஒரு மில்லிமீற்றர் படிவு உலோகத்தை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கிவிடும். உருக்கு மெலிந்து புடைக்கத் தொடங்குவது அப்படித்தான். புகைப் பக்கத்தில் படியும் கரியும் சாம்பலும் இதற்கு மேல். கொதிகலன் சட்டப்படி பரிசோதகர் பார்க்க வேண்டிய அழுக்கப் பாத்திரம், அதன் குழாயில் அரமோ சாண்ட்பேப்பரோ வைக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அவர் உள்ளே விடும் தண்ணீருக்கு மென்னீராக்கி ஒன்று போட விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். புகைக் குழாய்களைக் கிழமைக்கொரு தடவை தூரிகை விட்டு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். புகைபோக்கியின் அடியில் ஒரு வெப்பமானி பொருத்தச் சொல்லியிருக்கிறேன். குழாய் இழுப்பதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் அதில் தெரியும் வெப்பநிலையையும், அன்றன்று எரித்த உமி மூட்டைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள்.